ஸ்கொட்லாந்து போனால் மிச்சமாய் நிக்கிறது எந்த நாடு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கட பேப்பரில ஸ்கொட்லாந்தைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. நல்ல விசயம். வீட்டுக்கு ஒராள் லண்டனில இருக்கிற ஊரில அந்த நாட்டின்ர அரசியலமைப்பைப் பற்றி ஒண்டுமே எழுதாம இருக்கிறதை விட இது எவ்வளவோ மேல், ஆனால் அதில ரெண்டு வசனம் பிழை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஸ்கொட்லாந்து பிரிஞ்சு போற நாளோட ஐக்கிய இராச்சியம் எண்ட நாடு சட்டப்படி இல்லாமப் போயிடும் எண்டும், ஐ.நா. பாதுகாப்புச் சபையில அவைக்கு இருக்கிற நிரந்தர இடமும் அதோட போகும் எண்டும் எழுதியிருக்கிறியள். ரெண்டும் அப்பிடியில்லை.

நான் கோப்பாய்ப் பக்கம் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறனான், இருபது வருசத்துக்கு மேலாச்சு. திங்கட்கிழமை காலமை வகுப்புக்குள்ள போக ஒரு பிள்ளை உந்தக் கட்டுரையை வெட்டிக் கொப்பியில ஒட்டிக்கொண்டு வந்து நிக்கிறா, அந்த ரெண்டு வசனத்துக்கும் கீழ சிவப்புப் பேனையால கோடும் போட்டிருக்கிறா, "மிஸ், அப்ப நாங்கள் படிக்கிற பிரித்தானியப் பாடம் முழுக்க மாறுமோ?" எண்டு கேக்கிறா. பேப்பரில வந்ததை எங்கட பிள்ளையள் பாடப் புத்தகத்துக்கு மேலால நம்புதுகள், அதாலதான் எனக்கு இது சின்ன விசயமாப் படேல்லை. அண்டைக்கு எழுத இருந்த பாடத்தை விட்டிட்டு ரெண்டு பாட நேரமும் இதையே கதைச்சம்.

நான் பிள்ளையளுக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்லுறன். எங்கட ஊரில ஒரு குடும்பத்துக் காணி பிரியிறதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்டு பெட்டைக்குச் சீதனம் எழுதிக் குடுத்து அனுப்புறது. யாழ்ப்பாணத் தமிழரின்ர வழமைச் சட்டமான பழைய தேசவழமையில சீதனம் வாங்கிக்கொண்டு போனவவுக்குப் பிறகு தாய் தேப்பனின்ர மிச்சச் சொத்தில உரித்தில்லை, வீட்டின்ர பேர், கோயில் திருவிழா உபயம், பட்ட கடன், நடக்கிற வழக்கு எல்லாம் வீட்டில நிக்கிற ஆக்களோட. மற்றது பங்கு பிரிப்பு, அதில எல்லாரும் ஒரே தரம், பழைய காணி உறுதி அதோட முடிஞ்சுது, ஆளாளுக்குப் புது உறுதி. ஸ்கொட்லாந்து விசயத்தில சட்டம் படிச்ச ஆக்கள் பிடிச்ச சண்டை முழுக்க இதுதான், அது சீதனம் வாங்கிக்கொண்டு போற பெட்டையோ, இல்லாட்டில் பங்கு பிரிக்கிற சகோதரமோ எண்டது.

ஸ்கொட்லாந்துத் தேசியவாதிகள் கனபேர் பங்கு பிரிப்பு எண்டுதான் நினைக்கினம். அவையின்ர நியாயமும் லேசுப்பட்டதில்லை. 1603ல ஸ்கொட்லாந்தின்ர ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசனானவர், ஆனால் அரசன் ஒராளே தவிர நாடு ரெண்டு, பாராளுமன்றம் ரெண்டு. 1706ல ஒப்பந்தம் எழுதி, ரெண்டு பாராளுமன்றமும் தனித்தனியாச் சட்டம் போட்டு, 1707 மே 1ஆம் திகதி கிரேட் பிரித்தன் எண்ட ஒரே இராச்சியம் ஆனது. ரெண்டு பேர் சேர்ந்து எழுதின ஒப்பந்தம், ஒராள் விலகினால் ரெண்டு பேருக்கும்தானே அது முடியுது எண்டு கேக்கினம். ஸ்கொட்லாந்தின்ர சட்டமும் நீதிமன்றமும் திருச்சபையும் தனியாவே இருக்கட்டும் எண்டு அப்பவே எழுதி வைச்சது இண்டைக்கும் நிக்குது. இதில எனக்குப் பிடிச்ச ஒரு விசயம் என்னெண்டால், அதே 1707லதான் இஞ்ச யாழ்ப்பாணத்தில திசாவை எண்ட பதவியில இருந்த ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் எங்கட தேசவழமையைத் தொகுத்து எழுதிக் குடுத்தவர், 12 முதலியார்மார் வாசிச்சுப் பார்த்துச் சரி எண்டு சொன்னவை. ஒல்லாந்தர் போய் வெள்ளைக்காரன் வந்து அவனும் போய் குடியரசும் வந்திட்டுது, காணிக் கந்தோரில தேசவழமை இப்பவும் நிக்குது. ஆட்சி மாறினாலும் ஊர்ச் சட்டம் தன்ரபாட்டில நிக்கும் எண்டதுக்கு இதை விட வேற உதாரணம் பிள்ளையளுக்குத் தேவையில்லை.

ஆனால் பிரித்தானிய அரசாங்கம் 2013 பெப்ரவரியில வெளியிட்ட சட்ட ஆலோசனை மற்றப் பக்கம். ஜேம்ஸ் க்ரோஃபோர்ட், அலன் பொய்ல் எண்ட ரெண்டு சர்வதேசச் சட்டப் பேராசிரியர்மார் எழுதினது. அவையின்ர முடிவு, மிச்சமா நிக்கிற இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூண்டும்தான் அதே ஐக்கிய இராச்சியமாத் தொடரும், ஸ்கொட்லாந்து புது நாடு, எல்லாச் சர்வதேச அமைப்புக்கும் திரும்ப விண்ணப்பிக்கோணும், ஐக்கிய இராச்சியத்தின்ர ஒப்பந்தங்கள், ஐ.நா. இடம் எல்லாம் இருந்த இடத்திலயே இருக்கும். 2014 மேயில பிரித்தானியப் பாராளுமன்றத்தின்ர மேல்சபையான பிரபுக்கள் சபையின்ர அரசியலமைப்புக் குழுவும் அதையேதான் சொன்னது.

உலகத்தில நடந்ததைப் பார்த்தாலும் இந்தப் பக்கம்தான் பலம் கூட. 1947ல இந்தியா ஐ.நா. உறுப்பினராத் தொடர்ந்தது, பாகிஸ்தான் புதுசாச் சேர்ந்தது. 1991 டிசெம்பரில சோவியத் ஒன்றியம் உடைஞ்ச நேரம் பாதுகாப்புச் சபை இடம் ரஷ்யாவுக்குப் போனது, ஆரும் அதை வெறுமையா விடேல்லை. 2006ல மொன்ரனீக்ரோ விலகினது, சேர்பியா பழைய உறுப்புரிமையோட இருந்தது, மொன்ரனீக்ரோ 192ஆவது நாடாப் புதுசாப் போய்ச் சேர்ந்தது. விலகிற ஆள்தான் புது ஆள் எண்டு அவையின்ர கூட்டு அரசியலமைப்புச் சாசனத்திலயே எழுதியிருந்தது, அதால அங்க பெரிசாச் சச்சரவு வரேல்லை. எதிர்ப் பக்கத்துக்கு உள்ள உதாரணம் செக்கோஸ்லோவாக்கியா. 1993 ஜனவரி 1ஆம் திகதி ரெண்டாப் பிரிஞ்சு, பழைய நாடு முடிஞ்சு, செக் குடியரசும் ஸ்லோவாக்கியாவும் ரெண்டு பேரும் ஐ.நா.வுக்குப் புதுசா விண்ணப்பிச்சவை, பொதுச் சொத்துக்களைச் சனத்தொகைக் கணக்கில ரெண்டுக்கு ஒண்டு எண்டு பிரிச்சவை. அது உண்மையான பங்கு பிரிப்பு. ஆனால் பங்கு பிரிப்புக்கு ரெண்டு பேரும் ஓமெண்டு சொல்லோணும், லண்டன் அதுக்கு ஓமெண்டு சொல்லாது. ஆனபடியால் உங்கட கட்டுரையின்ர அந்த ரெண்டு வசனத்தையும் திருத்திப் போடுங்கோ.

நாடு அதேதான் எண்டு சொன்னாப்போல உள்ளுக்க ஒண்டும் மாறாது எண்டு அர்த்தமில்லை. இதைத்தான் உங்கட கட்டுரை தொடவே இல்லை, எனக்கு அதுதான் பெரிய குறை. போற ஆளைப் பற்றி எல்லாரும் எழுதினம், நிக்கிற வீடு என்னவாகும் எண்டு ஒருத்தரும் எழுதினமில்லை.

ஸ்கொட்லாந்து தனிநாடாப் போறதோ எண்டு 2014ல வைச்ச சர்வஜன வாக்கெடுப்பில ஆம் எண்டு வந்திருந்தால் 2016 மார்ச் 24ஆம் திகதி சுதந்திர நாள் எண்டு ஸ்கொட்லாந்தின்ர தலைநகர் எடின்பரோவில இருக்கிற அரசாங்கம் தன்ர வெள்ளை அறிக்கையில எழுதியிருந்தது. இடையில 2015 மேயில பிரித்தானியப் பொதுத் தேர்தல். அந்தத் தேர்தலில ஸ்கொட்லாந்தில இருந்து 59 எம்பிமார் லண்டன் பாராளுமன்றம் இருக்கிற வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போவினம், பத்து மாதத்தில அவையின்ர நாடு வேற நாடு. அந்தப் பத்து மாதமும் அவை இங்கிலாந்துப் பிள்ளையளின்ர பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாக்குப் போடலாமோ? பிரிவினைப் பேச்சுவார்த்தை எண்டு மேசையில இருக்கிற நேரம் அவை எந்தப் பக்கத்தில இருக்கிறது? அவையின்ர வாக்கால ஒரு பிரதமர் வந்திருந்தால் 59 பேரும் எழும்பிப் போற அண்டைக்கு அந்த அரசாங்கம் நிக்குமோ? இது கற்பனை இல்லை, 1964ல தொழிற்கட்சி 4 ஆசனப் பெரும்பான்மையில வந்தது, ஸ்கொட்லாந்து எம்பிமாரைக் கழிச்சால் அந்தப் பெரும்பான்மையே இல்லை. பிரபுக்கள் சபைக் குழு இதுக்குத்தான் கன நேரம் செலவழிச்சு, ஸ்கொட்லாந்து எம்பிமார் மிச்ச நாட்டுக்காகப் பேச்சுவார்த்தைக்குப் போகக்கூடாது, சுதந்திர நாள் அண்டைக்குச் சபையை விட்டு விலகோணும் எண்டு எழுதினது. எழுதினதே தவிர அதுக்கெண்டு ஒரு சட்டமும் இருக்கேல்லை. உலகத்துக்கே பாராளுமன்ற முறையைப் படிப்பிச்ச நாட்டில, ஒரு பகுதி போனால் சபையை என்ன செய்யிறது எண்டு ஒரு வரி எழுதி வைக்கேல்லை. பிரித்தானிய அரசியலமைப்பு ஒரே ஆவணமா எழுதப்படாதது, நெகிழ்ச்சியானது எண்டு நாங்கள் பிள்ளையளுக்குப் பாடமாக்கக் குடுக்கிறம், அந்த நெகிழ்ச்சியின்ர மறுபக்கம் இது.

பேரும் அப்பிடித்தான். 1922 டிசெம்பரில அயர்லாந்து சுதந்திர நாடாப் போனது, ஆனால் லண்டன் தன்ர பாராளுமன்றத்தின்ர பேரை "கிரேட் பிரித்தன் மற்றும் வட அயர்லாந்து" எண்டு மாத்தினது 1927லதான், அஞ்சு வருசமாப் பழைய பேரோடயே ஓடினது. கொடியில அயர்லாந்தின்ர சிவப்புச் சாய்வுச் சிலுவை இண்டைக்கும் நிக்குது. போன ஆளுக்கும் நிண்ட ஆளுக்கும் இடையில போக்குவரத்துக்குப் பாஸ்போட் சோதிக்கிறதில்லை எண்ட ஏற்பாடு இண்டைக்கு வரை இருக்கு, 1949ல அயர்லாந்து முழுக் குடியரசான பிறகும் அது எங்களுக்கு அந்நிய நாடு இல்லை எண்டு வெஸ்ட்மின்ஸ்டரே சட்டம் போட்டது. மனம் வைச்சால் செய்யலாம் எண்டதுக்கு இதைச் சொல்லுறன். ஸ்கொட்லாந்தில ஃபாஸ்லேன் கடற்படைத் தளத்தில நிக்கிற பிரித்தானிய அணுவாயுத நீர்மூழ்கிகளை எங்க கொண்டு போறது எண்டது வேற தலையிடி, அதுக்குள்ள நான் போகேல்லை.

இனிச் சொத்தும் கடனும். எங்கட வீட்டுக்குப் பின்னால ஒரு கிணறு இருக்கு, அப்பப்பா வெட்டினது, நாலு வீட்டுக்குப் பங்கு. போன வருசம் சித்தப்பாவின்ர துண்டைப் பிரிச்சு எழுதிற நேரம் பழைய உறுதியை எடுத்துப் பார்த்தம், காணி இத்தனை பரப்பு, எல்லை இன்னது எண்டு எழுதிப்போட்டு அதுக்குக் கீழ கிணத்துப் பங்கு, வழி வாய்க்கால் பாத்தியதை எண்டு ஒரு வரி. காணி நாலாப் பிரிஞ்சிட்டுது, நாலு மதிலும் வந்திட்டுது, ஆனால் கிணத்தை ஆரும் வெட்டிப் பிரிக்கேலாது, அதால இறைப்பு முறை எண்டு நாள் வைச்சு ஆளாளுக்கு மிசினைக் கொண்டுவந்து இறைக்கினம், கிணத்துக் கட்டில துலாக் கயிறு தேய்ச்ச அடையாளம் இப்பவும் கிடக்கு. அந்த ஒரு வரி இல்லாமல் இருந்திருந்தால் நாலு குடும்பமும் இண்டைக்குக் கோட்டில நிக்கும்.

சிங்கப்பூர் மலேசியாவை விட்டுப் போன கதையில இதுதான் முக்கியம். 1963 செப்டெம்பர் 16ல சேர்ந்தது, 1965 ஆகஸ்ட் 9ல வெளியில. கோலாலம்பூர்ப் பாராளுமன்றத்தில ஒரே நாளில சட்டம் போட்டு 126க்கு பூச்சியம் எண்டு நிறைவேத்தினவை, சிங்கப்பூர்ச் சனத்திட்ட அதுக்கு வாக்குக் கேக்கேல்லை, மலேசியப் பாராளுமன்றத்தில இருந்த சிங்கப்பூரின்ர 15 எம்பிமாரும் அண்டையோட முடிஞ்சுது. லீ குவான் யூ தொலைக்காட்சியில அழுதது எல்லாருக்கும் ஞாபகம், ஆனால் அதை விடப் பெறுமதியானது ரெண்டு நாளுக்கு முதல் ஆகஸ்ட் 7ல கையெழுத்து வைச்ச பிரிவு ஒப்பந்தத்தில, மலேசியாவின்ர ஜோகூரில இருந்து சிங்கப்பூருக்கு வாற தண்ணிக்கு எழுதின உத்தரவாதம். 1961, 1962 ஆம் ஆண்டுத் தண்ணி ஒப்பந்தங்களை மலேசியா மதிக்கோணும் எண்டு அதில இருக்கு, 62ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061 வரைக்கும் ஓடுது. எவ்வளவு வாய்த்தர்க்கம் வந்தாலும் தண்ணி நிக்கேல்லை. அதே கிணத்துப் பங்குதான்.

ஸ்கொட்லாந்து விசயத்தில நிலத்தோட இருக்கிற சொத்து, கட்டிடம், ரோட்டு எல்லாம் அந்த நிலத்துக்கு, மற்றதெல்லாம் நியாயமாப் பேசிப் பிரிக்கிறது எண்டதுதான் பொதுவான சர்வதேச வழமை. கடனுக்கு 2014 ஜனவரியில லண்டன் திறைசேரி ஒரு அறிவித்தல் விட்டது, சுதந்திர நாள் வரைக்கும் பட்ட கடன் முழுக்க நாங்கள் பொறுப்பு, ஸ்கொட்லாந்து தன்ர பங்கை எங்களுக்குத் தரோணும் எண்டு. கடன் குடுத்தவன் பயப்படக்கூடாது எண்டதுக்காகச் சொன்னது. நாங்கள்தான் தொடருற நாடு எண்டு சொல்லுற ஆள் கடனையும் தொடரோணும் எண்டது அதுக்குள்ள இருக்கு. அடுத்த மாதமே நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்ன் பவுண் நாணயத்தைப் பொதுவா வைச்சிருக்க விடமாட்டம் எண்டவர், உடன எடின்பரோ அப்ப கடனில பங்கும் இல்லை எண்டு திருப்பிச் சொன்னது. ரெண்டு பக்கமும் வாக்கெடுப்புக்கு முதலே இதைப் பேசி எழுதியிருக்கோணும் எண்டுதான் நான் நினைக்கிறன். வாக்குப் போடுற சனத்துக்குத் தன்ர கையில என்ன காசு இருக்கப்போகுது எண்டு தெரியாமல் வாக்குப் போடச் சொன்னது நியாயமில்லை.

ஆர் வாக்குப் போட்டது எண்டது எனக்கு இன்னும் நெஞ்சுக்குக் கிட்டவான விசயம். என்ர மச்சாள் ஒராள் கிளாஸ்கோவில இருக்கிறா. 2014ல அவவிட்ட பிரித்தானியப் பாஸ்போட் இல்லை, இலங்கைப் பாஸ்போட்டும் வதிவிட உரிமையும்தான், ஆனால் அவ வாக்குப் போட்டவ. ஸ்கொட்லாந்தில சட்டப்படி வசிக்கிற பொதுநலவாய நாட்டுக்காரருக்கும் ஐரோப்பிய ஒன்றியக்காரருக்கும் வாக்கு இருந்தது, 16, 17 வயதுப் பிள்ளையளுக்கும் குடுத்தவை, ஆனபடியால் அவவின்ர மூத்த பெடியனும் போட்டவன். எடின்பரோவில பிறந்து வளர்ந்து லண்டனில வேலை செய்யிற ஸ்கொட்லாந்துக்காரனுக்கு வாக்கில்லை. பள்ளிக்கூட ஹோலில லைனில நிண்டு வாக்குப் போட்டிட்டு அண்டு பின்னேரம் போன் எடுத்தவ, "இந்த நாடு போறதோ நிக்கிறதோ எண்டு என்னட்டக் கேட்டிருக்கினமடி" எண்டு சொல்லேக்க அவவின்ர குரல் அடைச்சுப் போச்சு. என்ன போட்டவ எண்டு நான் கேக்கேல்லை, அவவும் சொல்லேல்லை. 2014 செப்டெம்பர் 18, வாக்களிப்பு 84.6 வீதம், இல்லை எண்டு 55.3, ஆம் எண்டு 44.7.

மக்கள் எண்டு சொல்லுறது ஆரை, பிறந்த ஆக்களையோ இருக்கிற ஆக்களையோ எண்டதை அவை இருக்கிற ஆக்கள் எண்டு முடிவெடுத்தவை. குடியுரிமைக்கும் வெள்ளை அறிக்கையில அங்க வசிக்கிற பிரித்தானியப் பிரசைகளும், அங்க பிறந்து வேற இடத்தில இருக்கிற பிரித்தானியப் பிரசைகளும் தானாகவே புது நாட்டுப் பிரசை எண்டு எழுதியிருந்தது. இதை வாசிக்கேக்க எனக்கு எங்கட 1948தான் ஞாபகம் வரும். இலங்கைச் சுதந்திரச் சட்டம் வெஸ்ட்மின்ஸ்டர் 1947ல போட்ட சட்டம், 1948 பெப்ரவரி 4ல நாங்கள் வெளியில, ராணி 1972 மே 22 வரைக்கும் இலங்கைக்கும் ராணி, கடைசி மேல்முறையீடு 1971 வரைக்கும் லண்டன் பிரிவிக் கவுன்சிலுக்கு, எல்லாம் படிப்படியா ஒழுங்கா நடந்தது. ஆனால் சுதந்திரம் வந்த அதே வருசம் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால தேயிலைத் தோட்டத்தில பிறந்து வளர்ந்த லட்சக்கணக்கான சனம் நாடில்லாத ஆக்களாப் போனது. சுதந்திரத்தோட இருந்த சோல்பரி அரசியலமைப்பின்ர 29(2) ஆம் பிரிவு சிறுபான்மைக்குக் காப்பு எண்டு நம்பினம், கொடக்கன்பிள்ளை வழக்கில 1953ல பிரிவிக் கவுன்சிலும் அந்தச் சட்டங்கள் செல்லும் எண்டது. செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசை விட்டு வெளிக்கிட்டு 1949 டிசெம்பரில தமிழரசுக் கட்சியைத் தொடங்கினதுக்கு இந்தப் பிரச்சினைதான் காரணம். ஒரு நாடு இன்னொரு அமைப்பை விட்டு வெளிக்கிடேக்க முதல்ல பார்க்க வேண்டியது அந்த அண்டைக்கு ஆர் பிரசை, ஆர் இல்லை எண்டது. கொடியும் கீதமும் பிறகு.

இப்ப முக்கியமான இடத்துக்கு வாறன். 1707 ஒப்பந்தத்தின்ர முதலாம் உறுப்புரையில ரெண்டு இராச்சியமும் மே முதலாம் திகதியில இருந்து என்றென்றைக்கும் ஒண்டாக இருக்கும் எண்டுதான் எழுதியிருக்கு. என்றென்றைக்கும் எண்டு எழுதின ஒரு நாடு 2012 ஒக்டோபர் 15ல, அப்ப பிரித்தானியப் பிரதமரா இருந்த டேவிட் கமரனும் ஸ்கொட்லாந்தின்ர முதலமைச்சரா இருந்த அலெக்ஸ் சால்மண்டும் எடின்பரோவில மேசையில இருந்து கையெழுத்து வைச்சு, சனத்திட்டக் கேப்பம், சனம் சொல்லுறதை ரெண்டு பக்கமும் மதிப்பம் எண்டது. 1998 ஸ்கொட்லாந்துச் சட்டத்தில ஒன்றியம் சம்பந்தமான விசயம் வெஸ்ட்மின்ஸ்டருக்கு ஒதுக்கப்பட்டது எண்டு இருக்கு, அந்தச் சட்டத்தின்ர 30ஆம் பிரிவால ஒரு கட்டளை போட்டு அந்த ஒரு தடவைக்கு அதிகாரத்தை எடின்பரோவுக்குக் குடுத்தவை. ஒரு வெடிச் சத்தம் இல்லை, ஒருத்தரும் உள்ளுக்க போகேல்லை, தோத்த சால்மண்ட் அடுத்த நாள் பதவி விலகுறன் எண்டு அறிவிச்சவர்.

ஆனால் அது ஒரு தடவைக்குத்தான். 2016ல ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளிக்கிடுறதுக்கு ஸ்கொட்லாந்து 62 வீதம் வேண்டாம் எண்டு போட்டும் வெளியில இழுத்துக்கொண்டு போனவை, பிறகு ஸ்கொட்லாந்து திரும்பக் கேட்டால் 2022 நவம்பர் 23ல லண்டன் உச்ச நீதிமன்றம் வெஸ்ட்மின்ஸ்டர் சம்மதிக்காமல் எடின்பரோ தானாக வாக்கெடுப்பு வைக்கேலாது எண்டு ஒருமனதாத் தீர்ப்பு. சட்டப்படி அது சரியான தீர்ப்பு எண்டுதான் நான் வகுப்பில சொல்லுறனான். ஆனால் அப்ப கேக்கிறதுக்கு வழி எது? வட அயர்லாந்துக்கு எழுதி வைச்சிருக்கு, 1998 பெரிய வெள்ளி ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த சட்டத்தின்ர முதலாம் பிரிவே அதுதான், பெரும்பான்மை விரும்புது போல தெரிஞ்சால் அமைச்சர் வாக்கெடுப்பு வைக்கத்தான் வேணும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் 50ஆம் உறுப்புரை இருந்தது, அதைப் பிடிச்சுத்தான் பிரித்தானியாவே வெளிக்கிட்டது. தனக்கு வெளிக்கிட வழி இருந்த வீட்டை விட்டு வெளிக்கிட்ட நாடு, தன்ர வீட்டில ஒராளுக்கு அந்த வழியை எழுதிக் குடுக்கேல்லை. இது பிழை. கனடா உச்ச நீதிமன்றம் 1998ல கியூபெக் மாகாணம் பிரிஞ்சு போகலாமோ எண்ட வழக்கில இதை விட நேர்மையாச் சொன்னது, தனிச்சுப் போக உரிமை இல்லை, ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை வந்தால் மிச்ச நாடு பேசத்தான் வேணும் எண்டு. நான் இருபது வருசமா வாசிச்சதில இதை விட நல்ல தீர்ப்பு காணேல்லை.

உதெல்லாம் எங்களுக்கு என்னத்துக்கு எண்டு கேக்கிற வாசகர் இருப்பினம். இலங்கையில 1983 ஆகஸ்ட் 8ல வந்த 6ஆம் திருத்தத்தோட தனிநாட்டை ஆதரிக்கிறது குற்றம், 157அ உறுப்புரை, அது எனக்குத் தெரியும், நான் எழுதிறதும் அதைப் பற்றியில்லை. ஆனால் 2017 செப்டெம்பரில புது அரசியலமைப்புக்காக வந்த இடைக்கால அறிக்கையை எடுத்துப் பாருங்கோ. ஆங்கிலத்தில ஒற்றையாட்சிக்குச் சொல்லுற சொல்லின்ர பழைய வரைவிலக்கணம் மாறிப்போச்சு, ஐக்கிய இராச்சியத்தில ஸ்கொட்லாந்தும் வட அயர்லாந்தும் விலகிப் போகக்கூடிய மாதிரி இருக்கு, ஆனபடியால் அந்தச் சொல் இலங்கைக்குப் பொருந்தாது எண்டு அதில எழுதியிருக்கு. அதுக்குப் பதிலா சிங்களத்தில ஏக்கிய ராஜ்ய, தமிழில ஒருமித்த நாடு எண்டு வைக்கச் சொன்னது. ஸ்கொட்லாந்தில போட்ட வாக்கு இலங்கை ஒற்றையாட்சி நாடு எண்டு சொல்லுற எங்கட அரசியலமைப்பின்ர 2ஆம் உறுப்புரை வரைக்கும் வந்து நிண்டிருக்கு. இந்த ஒரு சொல்லுக்காக எத்தனை மேடையில எத்தனை பேர் தொண்டை கிழியக் கத்தினவை, ஆனால் ஸ்கொட்லாந்தில என்ன நடந்தது எண்டு தமிழில விளக்கமா எழுதினதை நான் கண்டதில்லை. அதே வருசம் ஆகஸ்ட் 4ல எங்கட உயர் நீதிமன்றம் தமிழரசுக் கட்சிக்கு எதிரான வழக்கில சமஷ்டி கேக்கிறது பிரிவினை கேக்கிறதில்லை எண்டு தீர்ப்புச் சொன்னது, அதையும் கனபேர் இண்டு வரைக்கும் வாசிக்கேல்லை. 1926ல யாழ்ப்பாணத்துக்கு வந்து சமஷ்டிதான் இந்த நாட்டுக்குச் சரி எண்டு கூட்டத்தில பேசினது எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க எண்டு சொன்னால் என்ர வகுப்பில அரைவாசிப் பிள்ளையள் நம்புதுகள் இல்லை.

என்ர வேண்டுகோள் ரெண்டு. அந்த ரெண்டு வசனத்துக்கும் திருத்தம் போடுங்கோ, மூலைக்குள்ள சின்ன எழுத்தில இல்லாமல் கட்டுரை வந்த அதே பக்கத்தில, ஏனெண்டால் அந்தப் பக்கத்தைத்தான் பிள்ளையள் வெட்டி வைக்குதுகள். மற்றது, கிழமைக்கு ஒரு அரைப் பக்கம் அரசியலமைப்புக்கு ஒதுக்குங்கோ, சட்டம் தெரிஞ்ச ஆக்கள் யாழ்ப்பாணத்தில தாராளமா இருக்கினம், ஊர்த் தமிழில எழுதச் சொல்லுங்கோ. மாகாண சபை எண்டு ஒண்டு 2013 செப்டெம்பரில தெரிவாகி 2018 ஒக்டோபரில காலம் முடிஞ்சு பிறகு வருசக்கணக்காத் தேர்தலே இல்லாமக் கிடந்தது ஏனெண்டு முதல் கட்டுரையா வந்தால் நல்லது. எழுத ஆள் கிடைக்காட்டில் நான் எழுதித் தாறன், காசு வேண்டாம்.

அந்தப் பிள்ளை கொப்பியில ஒட்டின கட்டுரைக்குப் பக்கத்தில மற்றப் பக்கத்தை வெறுமையா விட்டு வைச்சிருக்கிறா, திருத்தம் வந்தால் ஒட்டுறதுக்கு.

இப்படிக்கு,
உயர்தர அரசியல் விஞ்ஞான ஆசிரியை ஒருவர்,
கோப்பாய்.